கோளக் கொத்துகளின் ஓட்டமும் பால்வெளியின் பூர்வீகமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொலைநோக்கியில் ஒரு கோளக் கொத்தைக் காட்டிவிட்டு, "இது நம்ம பால்வெளியில் பிறந்ததில்லை, வெளியிலிருந்து வந்து சேர்ந்தது" என்று சொன்னால் போதும், பின்னால் நிற்கும் வரிசை நகராது. பார்த்துவிட்டுப் போக வேண்டியவர்கள் அங்கேயே நின்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். அப்படித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன். சிலவற்றுக்கு ஒரு வரி போதும். சிலவற்றுக்குக் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும்.

கோளக் கொத்து என்றால் என்ன? கார்த்திகைக் கூட்டமும் அதுவும் ஒன்றா?

இல்லை. நாம் கார்த்திகை, அறுமீன் என்று சொல்வது ஒரு திறந்த கொத்து. வயது சுமார் 10 கோடி ஆண்டுதான். பால்வெளியின் தட்டுக்குள்ளேயே பிறந்தது, இன்னும் சில பத்துக் கோடி ஆண்டுகளில் கலைந்து தட்டோடு தட்டாகப் போய்விடும். பழங்கதை எதுவும் அதனிடம் கிடையாது.

கோளக் கொத்து வேறு ரகம். லட்சக்கணக்கான நட்சத்திரங்கள் நூறு ஒளியாண்டு அகலம் போல ஓர் இடத்துக்குள் பந்தாக நெருங்கிக் கிடக்கும். பெரும்பாலானவற்றின் வயது 1,000 கோடியிலிருந்து 1,300 கோடி ஆண்டு. பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடி ஆண்டுதான் என்பதால், பால்வெளி உருவாகிக்கொண்டிருந்த நாளிலேயே இவை இருந்திருக்கின்றன. இப்போதைய கணக்குக்குப் பால்வெளியைச் சுற்றி ஏறத்தாழ 170 கோளக் கொத்துகள் தெரிந்திருக்கின்றன.

பழைய நட்சத்திரங்கள் தனித்தனியாகவும் இருக்கின்றனவே, கொத்துகளுக்கு மட்டும் ஏன் இவ்வளவு மரியாதை?

தனி நட்சத்திரங்களையும் பார்க்கிறார்கள், கீழே அவற்றின் கதையும் வரும். ஆனால் கொத்துக்குச் சில வசதிகள் உண்டு. ஒரு சின்ன கேலக்ஸி பெரிய கேலக்ஸியிடம் மாட்டிக்கொண்டால், பெரியதன் ஈர்ப்பு அதைப் பிய்த்து எறிந்துவிடும். அதற்குள் இருந்த கோளக் கொத்து அடர்த்தியானது, அதனால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். பழம் நசுங்கினாலும் கொட்டை நசுங்காது என்பது மாதிரி.

அடுத்தது வயது. தனி நட்சத்திரம் ஒன்றின் வயதைச் சொல்வது பெரும்பாடு. கொத்தில் எல்லாம் ஏறத்தாழ ஒரே காலத்தில் பிறந்தவை. எந்த நிறையுள்ள நட்சத்திரங்கள் எரிபொருள் தீர்ந்து செம்பூதமாகி (ஊதிச் சிவந்த முதிய நட்சத்திரமாகி) வருகின்றன என்று பார்த்தாலே மொத்தக் கொத்தின் வயது வந்துவிடும். பிறகு, கொத்து பிரகாசமானது. மற்ற கேலக்ஸிகளில் தனி நட்சத்திரம் தெரியாத தூரத்திலும் கொத்து ஒரு புள்ளியாகத் தெரியும்.

அவ்வளவு தூரத்தில் இருப்பது நகர்கிறது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

நகர்வில் இரண்டு பாதி உண்டு. நம்மை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்பது சுலபமான பாதி. ஒளியைப் பிரித்து, நிறமாலைக் கோடுகள் எவ்வளவு நகர்ந்திருக்கின்றன என்று பார்த்தால் டாப்ளர் விளைவு வேகத்தைச் சொல்லிவிடும். என்ஜிசி 3201 என்ற கொத்து நம்மைவிட்டு நொடிக்கு 494 கிலோமீட்டர் வேகத்தில் விலகுவது இப்படித்தான் தெரிந்தது.

கஷ்டமான பாதி, வானத்தின் குறுக்கே நகர்வது. 30,000 ஒளியாண்டு தள்ளி இருக்கும் ஒரு கொத்து நொடிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆண்டில் அது வானத்தில் எவ்வளவு இடம் மாறும்? மும்பையில் யாரோ ஒரு ரூபாய் நாணயத்தைத் தூக்கிப் பிடிக்க, சென்னையில் இருந்து அதைப் பார்த்தால் எவ்வளவு அகலம் தெரியுமோ, ஏறத்தாழ அவ்வளவு. பழைய நாளில் ஐம்பது அறுபது வருட இடைவெளியில் எடுத்த இரண்டு புகைப்படத் தகடுகளை ஒப்பிட்டு இதை அளக்கப் பார்த்தார்கள். பிறகு ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி சில கொத்துகளுக்கு அளந்து தந்தது.

எல்லாவற்றையும் மாற்றியது ஐரோப்பிய விண்வெளி முகமையின் கையா விண்கலம். 2013 டிசம்பர் 19-ல் ஏவப்பட்டு, 2025 ஜனவரி 15 வரை வானத்தை அளந்துகொண்டே இருந்தது. சுமார் 180 கோடி நட்சத்திரங்களின் பட்டியல் அதன் கொடை. 2018 ஏப்ரல் 25-ல் அதன் இரண்டாவது தரவுத்தொகுப்பு வெளியானபோதுதான் இந்தத் துறையே தலைகீழானது என்பேன். அதுவரை கொத்துக்கு ஒரு சண்டையாக இருந்த எண்கள், கிட்டத்தட்ட எல்லாக் கொத்துகளுக்கும் ஒரே நாளில் கிடைத்தன.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. கொத்து இருக்கும் திசையில் நமக்கும் அதற்கும் நடுவே சம்பந்தமில்லாத நட்சத்திரங்கள் நிறையக் கிடக்கும். படத்தில் எது கொத்தைச் சேர்ந்தது, எது வழியில் குறுக்கிட்டது என்று தெரியாது. அதே நட்சத்திரங்களை, எங்கே இருக்கின்றன என்பதை விட்டுவிட்டு, எப்படி நகர்கின்றன என்று ஒரு வரைபடத்தில் புள்ளி வைத்தால், கொத்தைச் சேர்ந்தவை எல்லாம் ஒரே இடத்தில் குவிந்து நிற்கும். மற்றவை இறைந்து கிடக்கும். அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி பிரித்துவிடலாம். அப்புறம் அந்தக் குவியலின் சராசரிதான் கொத்தின் நகர்வு.

சரி, நகர்வு தெரிந்துவிட்டது. அதிலிருந்து பூர்வீகம் எப்படித் தெரியும்?

திருவிழாவுக்கு ஒரே பேருந்தில் வந்த ஐம்பது பேர் கூட்டத்தில் கலந்துவிட்டார்கள். யார் எங்கே நிற்கிறார் என்பதை வைத்து எந்த ஊர் என்று சொல்ல முடியாது. ஆனால் எல்லார் சட்டைப் பையிலும் ஒரே பேருந்தின் டிக்கெட் இருக்கும்.

கொத்துகளுக்கு அந்த டிக்கெட், சுற்றுப்பாதையின் ஆற்றலும் கோண உந்தமும் (மையத்தைச் சுற்றும் ஓட்டத்தின் அளவும் திசையும்). சின்ன கேலக்ஸி உள்ளே விழுந்து சிதறிய பிறகு அதன் கொத்துகள் வானமெங்கும் பரவிவிடும். ஒன்று வடக்கே, ஒன்று தெற்கே, ஒன்று மையத்துக்கு அந்தப் பக்கம். ஆனால் விண்வெளியில் வேகத்தைக் குறைக்கக் காற்றோ தரையோ கிடையாது. கேலக்ஸியின் ஈர்ப்பு மெதுவாகத்தான் மாறுகிறது. அதனால் எந்த ஆற்றலோடு, எந்தக் கோண உந்தத்தோடு உள்ளே வந்ததோ, அதில் பெரும்பகுதி 1,000 கோடி ஆண்டுக்குப் பிறகும் அப்படியே இருக்கும். 170 கொத்துகளுக்கும் இந்த எண்களைக் கணக்கிட்டு வரைபடத்தில் போட்டால், ஒரே பேருந்தில் வந்தவை பக்கத்துப் பக்கத்தில் விழும்.

மை அழியாத டிக்கெட் என்று சொல்லமாட்டேன். அதைப் பற்றிக் கீழே.

நிஜமாக ஒரு கொத்தின் பூர்வீகம் மாறிய கதை ஏதாவது உண்டா?

பலோமர் 12. மகர ராசிப் பக்கம் சுமார் 60,000 ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் மங்கலான கொத்து. 1980-களிலேயே இதில் ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. தன்னளவு உலோகம், அதாவது கனமான தனிமங்கள், கொண்ட மற்ற கொத்துகளைவிட வயதில் ரொம்பவும் இளையது. பால்வெளியில் பிறந்திருந்தால் இப்படி இருக்காது, எங்கிருந்தோ வந்தது என்றார்கள். எங்கிருந்து? பால்வெளிக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய மெகல்லன் மேகம் என்ற சின்ன கேலக்ஸியிலிருந்து என்பது அப்போதைய சந்தேகம்.

இதற்கிடையில் 1994-ல் இபாட்டா, கில்மோர், இர்வின் மூவரும் தனுசு ராசியின் பின்னால், பால்வெளி மையத்துக்கு அந்தப் பக்கம் ஒரு குள்ள கேலக்ஸி ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். தனுசுக் குள்ளன் என்ற அது நம் ஈர்ப்பில் சிக்கி இப்போதும் பிய்ந்துகொண்டிருக்கிறது. 2000-ல் பலோமர் 12-ன் குறுக்கு நகர்வை அளந்து, அதன் பாதையைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தது ஒரு குழு. பாதை மெகல்லன் மேகத்துக்குப் போகவில்லை, தனுசுக் குள்ளனிடம் போய் நின்றது. 2004-ல் ஜூடித் கோஹன் அதன் நட்சத்திரங்களின் வேதியியலைப் பார்த்தார். அதுவும் தனுசுக் குள்ளனின் நட்சத்திரங்களோடு ஒத்துப்போனது. வயது சந்தேகத்தைக் கிளப்பியது, ஓட்டம் ஆளைக் காட்டியது, வேதியியல் சாட்சி சொன்னது. இந்தத் துறை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல வழக்கு எனக்குத் தெரியாது.

இதில் இன்னொரு வேடிக்கை. அந்தக் குள்ளனின் நடு மையத்தில் உட்கார்ந்திருக்கும் கொத்து எம் 54. அதை சார்ல் மெஸ்ஸியே என்ற பிரெஞ்சு வானியலாளர் 1778-லேயே பார்த்துத் தன் பட்டியலில் சேர்த்துவிட்டார். வேறொரு கேலக்ஸியின் கொத்தைப் பார்க்கிறோம் என்று அவருக்கும் தெரியாது, அடுத்த 216 ஆண்டு வேறு யாருக்கும் தெரியாது.

பால்வெளி விழுங்கியதில் பெரியது எது?

பெரும்பாலோர் கைகாட்டுவது கையா-என்செலாடஸ். இதற்கே சாசேஜ் என்றும் பெயர். 2018-ல் கேம்பிரிட்ஜில் பெலகூரோவ் குழுவும், நெதர்லாந்தில் அமினா ஹெல்மி குழுவும் தனித்தனியாக இதைக் கண்டார்கள். ஒரு குழு கிரேக்கப் புராண அரக்கனின் பெயரை வைத்தது. இன்னொன்று வரைபடத்தில் தெரிந்த உருவத்தைப் பார்த்துச் சாப்பாட்டுப் பெயரை வைத்தது. மையத்தை நோக்கிய வேகத்தை ஓர் அச்சிலும், மையத்தைச் சுற்றும் வேகத்தை இன்னோர் அச்சிலும் போட்டால், இந்த நட்சத்திரங்கள் ஒல்லியாக நீண்டு தெரியும். அதாவது இவை சுற்றுவதே இல்லை என்று சொல்லலாம். ஊஞ்சல் மாதிரி மையத்துக்குப் பக்கத்தில் பாய்வதும் தொலைவுக்குப் போவதுமாக இருக்கின்றன.

கோளக் கொத்துகளிலும் ஒரு கோஷ்டி அதே ஊஞ்சலில் ஆடுகிறது. என்ஜிசி 1851, என்ஜிசி 2808, எம் 79, எம் 2, எம் 75 எல்லாம் அதில் சேர்த்தி. மோதல் நடந்தது சுமார் 1,000 கோடி ஆண்டுக்கு முன். வந்து விழுந்த கேலக்ஸியின் நட்சத்திரங்கள் மட்டுமே சுமார் 60 கோடி சூரிய நிறை இருக்கும் என்பது ஹெல்மி குழுவின் மதிப்பீடு. அந்த இடியில் அப்போதிருந்த நம் தட்டே சூடேறித் தடித்துப்போனது என்பது அவர்கள் வாதம்.

மொத்தத்தில் எத்தனை உள்ளூர், எத்தனை வெளியூர்?

இங்கேதான் சண்டை. 2019-ல் மசாரி, கொப்பல்மன், ஹெல்மி மூவரும் 151 கொத்துகளை எடுத்துப் பிரித்தார்கள். சுமார் 40 சதவீதம் உள்ளூர். 35 சதவீதம் தெரிந்த மோதல்களோடு வந்தவை. அதில் கையா-என்செலாடஸின் பங்கு 19, தனுசுக் குள்ளனின் பங்கு 5. இன்னொரு 16 சதவீதம் மையத்துக்கு நெருக்கமாகக் கட்டுண்டு கிடக்கும் ஒரு கூட்டம், யாருடையது என்று தெரியாதது. 2020-ல் க்ராய்சன் குழு, இந்தக் கூட்டத்தைக் கொண்டுவந்தது இன்னும் பழைய ஒரு கேலக்ஸி, அதற்குக் கிராக்கன் என்று பெயர் என்றது.

பிறகு பெலகூரோவும் கிராவ்ட்சோவும் வந்து, உள்ளூருக்கும் வெளியூருக்கும் நடுவே உள்ள எல்லைக்கோட்டை வேறு இடத்தில் போட்டார்கள். அலுமினியத்துக்கும் இரும்புக்கும் உள்ள விகிதம் உள்ளூர் நட்சத்திரங்களில் ஒரு மாதிரி, வெளியூர் நட்சத்திரங்களில் ஒரு மாதிரி. அதை அளவுகோலாக வைத்து ஆற்றல் வரைபடத்தில் எல்லை வகுத்ததில், கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு உள்ளூர் என்று ஆனது. கிராக்கன் கணக்கில் இருந்தவையும் உள்ளூர்ப் பக்கம் போய்விட்டன. எனக்கு இரண்டாவது வாதம் கொஞ்சம் கனமாகத் தெரிகிறது. ஓட்டத்துக்கு வெளியே ஒரு சாட்சியை வைத்துக் கோடு போட்டார்கள் என்பதுதான் காரணம்.

அப்படியானால் ஓட்டத்தை மட்டும் நம்பக்கூடாதா?

கூடாது. டிக்கெட்டில் மை அழிகிறது என்றேனே, அது இதுதான். பெரிய கேலக்ஸி ஒன்று உள்ளே விழும்போது ஒரே நேர்கோட்டில் விழுவதில்லை. சுற்றிச் சுற்றி ஆற்றலை இழந்துகொண்டே வருகிறது. முதல் சுற்றிலேயே கழன்று விழுந்த கொத்துக்கு ஓர் ஆற்றல், கடைசிவரை ஒட்டிக்கொண்டிருந்த கொத்துக்கு வேறோர் ஆற்றல். ஒரே பேருந்தில் வந்தவர்கள் வெவ்வேறு நிறுத்தத்தில் இறங்கியது மாதிரி. போதாததற்குப் பால்வெளியும் எடை கூடிக்கொண்டே வந்திருக்கிறது, நடுவில் நட்சத்திரங்களாலான நீளமான பட்டை வேறு சுழன்று கலக்குகிறது. கணினியில் மோதலை நடத்திப் பார்க்கும் ஆய்வுகளில், ஒரே கேலக்ஸியின் கொத்துகள் வரைபடம் முழுக்கச் சிதறுவதும், இரண்டு மோதல்களின் கொத்துகள் ஒன்றின்மேல் ஒன்று விழுவதும் சாதாரணம்.

அதனால் வயதையும் உலோக அளவையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். வானியலாளர்களுக்கு ஹீலியத்துக்கு மேற்பட்ட எல்லாத் தனிமமும் உலோகம்தான், ஆக்சிஜன் உட்பட. பெரிய கேலக்ஸியில் நட்சத்திரங்கள் மளமளவென்று பிறந்து வெடித்து உலோகத்தைச் சீக்கிரம் சேர்த்துவிடும். சின்ன கேலக்ஸியில் அது மெதுவாகத்தான் நடக்கும். ஆகவே ஒரே உலோக அளவுள்ள இரண்டு கொத்துகளில் ஒன்று இளையதாக இருந்தால், அது சின்ன இடத்தில் பிறந்திருக்க வாய்ப்பு அதிகம். பால்வெளியின் கொத்துகளை வயதுக்கும் உலோகத்துக்கும் எதிராக வரைந்தால் இரண்டு கிளையாகப் பிரிவது இதனால்தான்.

தட்டுக்கு எதிர்த்திசையில் சுற்றினால் வெளியூர் என்று உறுதியாகச் சொல்லலாமா?

பலமான சந்தேகம், அவ்வளவுதான். தட்டு சுற்றும் திசையிலேயே வந்து சேர்ந்த வெளியூர்க் கொத்துகளும் உண்டு.

நம் சூரியனும் வெளியிலிருந்து வந்ததா?

இல்லை. சூரியன் தட்டிலேயே பிறந்தது, ஒழுங்காகத் தட்டோடுதான் சுற்றுகிறது. சூரியன் தனுசுக் குள்ளனைச் சேர்ந்தது என்று ஒரு வதந்தி இணையத்தில் பல வருடமாகச் சுற்றுகிறது. அதை நம்ப வேண்டாம்.

இந்த யோசனை முதலில் யாருக்கு வந்தது?

கொத்துகளை வைத்துப் பால்வெளியை அளந்தவர் ஹார்லோ ஷாப்லி. 1918-ல் கொத்துகளின் தூரங்களைக் குறித்துப் பார்த்தபோது, அவை நம்மைச் சுற்றி இல்லாமல் தனுசு ராசிப் பக்கம் ஒரு புள்ளியைச் சுற்றிக் குவிந்திருந்தன. அந்தப் புள்ளிதான் மையம், நாம் ஓரத்தில் இருக்கிறோம் என்றார். தூரத்தை ஏறத்தாழ இரண்டு மடங்கு கூட்டிச் சொன்னார், இப்போதைய கணக்கு சுமார் 26,000 ஒளியாண்டு. ஆனால் சொன்ன விஷயம் சரி.

ஓட்டத்திலிருந்து வரலாறு என்பது 1962-ல் எக்கன், லிண்டன்-பெல், சாண்டேஜ் மூவரும் தொடங்கியது. 221 நட்சத்திரங்களின் பாதைகளைப் பார்த்து, ஒரு பெரிய வாயு மேகம் சட்டென்று சுருங்கிப் பால்வெளி ஆனது என்றார்கள். 1978-ல் சியர்லும் ஜின்னும் 19 கோளக் கொத்துகளை ஆராய்ந்து, இல்லை, வெளிப்பகுதி துண்டு துண்டாக நெடுங்காலம் வந்து சேர்ந்தது என்றார்கள். இன்று பார்த்தால் உள்பகுதிக்கு முதல் கதையின் சாயலும், வெளிப்பகுதிக்கு இரண்டாவது கதையும் பொருந்துகின்றன.

மற்ற கேலக்ஸிகளிலும் இப்படிப் பார்க்க முடியுமா?

ஆண்ட்ரோமெடாவில் பார்த்திருக்கிறார்கள். அங்கே குறுக்கு நகர்வு கிடைக்காது, டாப்ளர் வேகம் மட்டும்தான். அதை வைத்தே 2019-ல் மேக்கி குழு ஒரு விசித்திரத்தைக் கண்டது. வெளிவட்டத்தில் இருக்கும் கொத்துகள் இரண்டு கோஷ்டி. ஒரு கோஷ்டி, பிய்ந்த கேலக்ஸிகள் விட்டுச்சென்ற, இன்னும் சிதறி முடியாத நட்சத்திர ஓடைகளின்மேல் உட்கார்ந்திருக்கிறது, அதனால் அண்மையில் வந்தது. இன்னொன்றுக்கு அப்படி ஓடை எதுவும் மிச்சமில்லை, அது பழையது. இரண்டும் சுற்றுகின்றன, ஆனால் ஒன்றுக்கொன்று கிட்டத்தட்ட செங்குத்தான அச்சில். ஆண்ட்ரோமெடா இரண்டு வெவ்வேறு காலத்தில், இரண்டு வெவ்வேறு திசையிலிருந்து சாப்பிட்டிருக்கிறது.

கொத்துகளே கலைந்துபோவதில்லையா?

போகின்றன. பலோமர் 5 நம் கண்ணெதிரே கலைந்துகொண்டிருக்கிறது. முன்னும் பின்னும் இரண்டு வால் நீண்டிருப்பது 2001-ல் தெரிந்தது. சில கொத்துகள் முழுக்கக் கரைந்து வால் மட்டும் மிச்சமிருக்கிறது. 2022-ல் அறிவிக்கப்பட்ட சி-19 ஓடை அப்படி ஒன்று. அதில் உலோகம் சூரியனில் இருப்பதில் 2,000-ல் ஒரு பங்குகூட இல்லை. உயிரோடிருக்கும் எந்தக் கோளக் கொத்திலும் அவ்வளவு குறைவாகக் கிடையாது. ஆக நாம் எண்ணும் 170 என்பது பிழைத்தவர்களின் பட்டியல், பிறந்தவர்களின் பட்டியல் அல்ல.

வெளியிலிருந்து வந்த கொத்து எதையாவது வெறுங்கண்ணால் பார்க்க முடியுமா?

முடியும், அதுவும் நம் ஊரிலிருந்து நன்றாகவே. ஒமேகா சென்டாரி. சுமார் 17,000 ஒளியாண்டு தூரம், ஏறத்தாழ ஒரு கோடி நட்சத்திரங்கள், சூரியன் சுற்றும் திசைக்கு எதிராகச் சுற்றுகிறது. சாதாரணக் கோளக் கொத்தில் எல்லா நட்சத்திரங்களுக்கும் இரும்பு அளவு ஏறத்தாழ ஒன்றுபோல இருக்கும், இதிலோ பல தலைமுறைக்கான வித்தியாசம் தெரிகிறது. அதனால் இது கொத்தே அல்ல, விழுங்கப்பட்ட ஒரு கேலக்ஸியின் உரித்தெடுத்த மையம் என்பது பலரின் கருத்து. அந்தக் கேலக்ஸி கையா-என்செலாடஸ்தானா என்பதில் இன்னும் ஒரு முடிவு இல்லை. 2024-ல் ஹபிளின் இருபது ஆண்டுப் படங்களை அடுக்கிப் பார்த்தவர்கள், மையத்தில் ஏழு நட்சத்திரங்கள் இருக்கக்கூடாத வேகத்தில் ஓடுவதைக் கண்டார்கள். அவற்றைப் பிடித்துவைக்க, அங்கே குறைந்தது 8,200 சூரிய நிறையுள்ள கருந்துளை வேண்டும்.

பார்க்கும் வழி: மே கடைசியில் இரவு 9 மணி வாக்கில் தெற்கே பார்த்து நில்லுங்கள். தலைக்குமேல் இருந்து கொஞ்சம் தெற்கே இறங்கினால் வெண்ணீலமாகத் தனியாக மின்னுவது சித்திரை நட்சத்திரம். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் ஒரு முஷ்டி பத்துப் பாகை. சித்திரையிலிருந்து நேர் கீழே மூன்றரை முஷ்டி இறங்குங்கள். சென்னையில் அந்த இடம் அடிவானத்திலிருந்து மூன்று முஷ்டி உயரத்தில் இருக்கும், கன்னியாகுமரியிலும் யாழ்ப்பாணத்திலும் இன்னும் கொஞ்சம் மேலே. இருட்டான இடமென்றால் மங்கலான நட்சத்திரம் போலத் தெரியும், பழங்காலத்தவர் நட்சத்திரம் என்றே எழுதிவைத்தார்கள். நகரத்தில் பைனாகுலர் தேவைப்படும். புள்ளியாகத் தெரியாமல், கண்ணாடியில் மூச்சுவிட்டது போல ஒரு வட்டப் புகையாகத் தெரிந்தால், அதுதான்.